பாலும் பெட்ரோலும்

பாலில் தண்ணீர் கலந்தால் பால்காரரைச் சும்மா விடுகிறோமா? பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் (எரிசாராயம்தான், ஐயா!) கலந்து விற்கிறார்கள், 2025 முதல் நாடெங்கும் அதுவே வழக்கம். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், பெட்ரோலைவிட அதில் வெப்பச் சத்து மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதற்காக விலையில் ஒரு காசு தள்ளினார்களா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையைத் தாண்டி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு என் பழைய காரில் ஏறுகிறவன் நான். அதன் ரப்பர்க் குழாய்கள் பெட்ரோலுக்கென்று செய்தவை, சாராயத்துக்கு அல்ல.

கரும்பு விவசாயி பிழைக்க வேண்டாமா என்கிறார்கள். பேஷாகப் பிழைக்கட்டும். அந்நியச் செலாவணியும் மிச்சமாகட்டும். ஆனால் அந்தத் தர்மத்தை என் டாங்கியிலிருந்து, என்னைக் கேட்காமலே செய்வானேன்? பங்கில் கலப்பில்லாத பெட்ரோலுக்கும் ஒரு பம்ப் வைக்கட்டும். கலந்ததற்கு விலையைக் குறைக்கட்டும். எதை வாங்குவது என்று நான் தீர்மானித்துக்கொள்கிறேன்.