அசைவற்று நிற்பதெல்லாம் ஜின்னின் வேலையா?

பேச்சின்றி, உணவின்றி, உயர்த்திய கை உயர்த்தியபடியே உறைந்து நிற்கும் பிள்ளையைக் கண்டதும் ‘ஜின் பிடித்துவிட்டது’ என முடிவுகட்டித் தாயத்துக்கு அலைகிறோம். இந்நிலைக்கு 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கால்பவும் ‘கேட்டடோனியா’ எனப் பெயரிட்டார். மனநோய் மட்டுமன்று, மூளையழற்சி, வலிப்பு, லூபஸ், சில மருந்துகளைத் திடீரென நிறுத்துதல் ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். உடலின் எதிர்ப்பாற்றலே மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் நோய் 2007இல்தான் கண்டறியப்பட்டது; இளம்பெண்கள் சிலருக்குச் சினைப்பைக் கட்டியே அதன் மூலம்.

லோரஸெபாம் ஊசியால் பலர் விரைவில் தேறுகின்றனர். தாமதித்தாலோ நீர்வற்றல், இரத்தக்கட்டு, மரணம்கூட நேரலாம்.

ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவரும் நம் நபி (ஸல்) அவர்களே. துஆவை மருத்துவமனையில் இருந்தும் கேட்கலாம். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே.