ஓவியரின் வீடும் வணிகரின் சாவியும்

கொல்கத்தாவின் தென்பகுதியில், பாலிகஞ்ச் பிளேஸில், ஓவியர் ஜாமினி ராய் 1949 முதல் 1972இல் மறையும்வரை வாழ்ந்து வரைந்த வீடு இருக்கிறது. 1993இல் டெல்லி ஆர்ட் கேலரி என்ற பெயரில் தொடங்கி, இன்று டி.ஏ.ஜி. என்று அறியப்படும் கலை வணிக நிறுவனம் அவ்வீட்டை அவருடைய குடும்பத்தாரிடமிருந்து வாங்கியது. அங்கே ஜாமினி ராய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமையும் என்று 2023இல் அறிவிப்பு வந்தது. உலகத் தரத்தில், தனியொரு ஓவியருக்கு இந்தியாவில் அமையும் முதல் தனியார் அருங்காட்சியகம் என்று நாளிதழ்கள் வரவேற்றன. எதிர்க்கேள்வி எழுப்பியோர் மிகச் சிலர்.

அந்தச் சொற்றொடரைத் தமிழில் எழுதும்போது ‘தனி’ இருமுறை வந்து விழுகிறது. தனி ஓவியர், தனியார் அருங்காட்சியகம். முதல் ‘தனி’ ஒரு கலைஞனின் படைப்புலகை முழுமையாக, ஓரிடத்தில், அவன் பிறந்த மண்ணுக்கு அருகில் காணும் வாய்ப்பைச் சொல்கிறது. அது மக்களுக்கு வேண்டியது. இரண்டாம் ‘தனி’ சாவி யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. முதலாவதை வாழ்த்தும் ஆரவாரத்தில் இரண்டாவது கேள்வியின்றிக் கடந்துபோகிறது. ஓர் ஓவியரின் படங்களை வாங்கி விற்பதைத் தொழிலாகக் கொண்ட நிறுவனமே அந்த ஓவியரின் அருங்காட்சியகத்துக்கும் உரிமையாளராகலாமா? நம் விவாதம் இது ஒன்றைப் பற்றியதே. அந்த நிறுவனத்தாரின் நல்லெண்ணத்தை நாம் அளக்கவில்லை. மூலதனத்தின் இயக்கம் முதலாளியின் குணத்தைப் பொறுத்ததன்று என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜாமினி ராய் யார் என்பதை நினைவில் கொண்டால் இக்கேள்வியின் கூர்மை புலப்படும். 1887இல் பாங்குரா மாவட்டத்தின் பெலியாதோர் கிராமத்தில் பிறந்தவர். கல்கத்தா அரசு கலைப் பள்ளியில் ஐரோப்பிய முறை பயின்று, பணம் படைத்தோரின் உருவப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பிழைத்தவர். 1920களில் அந்தப் பாதையை விட்டு விலகினார். காளிகாட் கோயில் வாசலில் யாத்திரிகர்களுக்கு விற்கப்பட்ட படங்களையும், சொந்த மாவட்டத்துப் பட்டுவாக்கள் கதை சொல்லிக்கொண்டே விரித்துக் காட்டும் படச்சுருள்களையும் ஆசானாகக் கொண்டார். இறக்குமதிக் கித்தானையும் குழாய் வண்ணங்களையும் ஒதுக்கினார். துணியும் பாயும் பலகையும் அவருக்குத் தளமாயின. மண்ணும் சுண்ணாம்பும் விளக்குக்கரியும் வண்ணமாயின. புளியங்கொட்டைப் பசை அவற்றைப் பிணைத்தது. சந்தால் பெண்களும், தாயும் சேயும், பூனையும் இறாலும், கிருஷ்ணனும் கிறிஸ்துவும் ஒரே தடித்த கோட்டில், ஒரே அகன்ற கண்ணுடன் எழுந்தனர். மார்க்சியக் கவிஞர் பிஷ்ணு தே அவருடைய நெருங்கிய நண்பர். ஜான் இர்வினுடன் சேர்ந்து 1944இல் அவரைப் பற்றி நூல் எழுதியவர்.

அவர் வரைந்த விதமும் விற்ற விதமும் நமக்கு இன்னும் முக்கியமானவை. தம் வீட்டைப் பட்டறையாக்கினார். மகன்களும் பிறரும் உடன் உழைத்தனர். ஒரே படம் மீண்டும் மீண்டும் வரையப்பட்டது. ஒன்றே ஒன்று, அதுவும் மேதையின் கைபட்டது என்னும் முதலாளித்துவக் கலைச்சந்தையின் மூலமந்திரத்தை அவர் பொருட்படுத்தவில்லை. நடுத்தரக் குடும்பமும் ஒரு படத்தைச் சுவரில் மாட்டிக்கொள்ளும்படி விலையைத் தாழ்த்தியே வைத்தார். குயவர் பானையை விற்பதுபோல் படத்தை விற்றவர் என்று சொன்னால் அது அவருக்குக் குறைவன்று.

அத்தகையவரின் படங்கள் இன்று ஏலக்கூடங்களில் பெருந்தொகைக்குப் போகின்றன. பட்டறை முறையில் பிறந்தவை ஆதலால், இது அவர் கைபட்டதா, மகன் கைபட்டதா, பிற்காலப் போலியா என்று பிரித்தறிவது கடினம். போலிகளும் மலிந்துள்ளன. எனவே, இது மெய்யான ஜாமினி ராய் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே விலையின் கடிவாளமும் இருக்கிறது. அருங்காட்சியகம் அந்த அதிகாரத்தின் இயல்பான இருப்பிடம். ஓவியரின் சொந்த வீட்டில் அமைந்த அருங்காட்சியகத்தின் சொல்லை மறுக்க எவரும் துணியார். சுவரில் தொங்கும் ஒவ்வொரு படமும் கிடங்கில் உள்ள அதன் உடன்பிறப்புக்குச் சான்றாகும். ஒவ்வொரு கண்காட்சிப் பட்டியலும் அடுத்த விற்பனைக்குப் பத்திரமாகும். துலாக்கோலும் சரக்கும் ஒரே கையில் இருக்கும் சந்தைக்கு எந்த உழவரும் நெல் மூட்டையை ஏற்றிச் செல்லமாட்டார்.

இது இடதுசாரிகளின் மிகையச்சமன்று. பன்னாட்டு அருங்காட்சியகங்கள் மன்றம் 2022இல் பிராகாவில் ஏற்ற வரையறை, அருங்காட்சியகத்தை இலாப நோக்கற்ற, நிலையான, சமூகத்துக்குப் பணியாற்றும் நிறுவனம் என்று குறிக்கிறது. அம்மன்றத்தின் நெறிமுறையோ, அருங்காட்சியகப் பணியில் இருப்போர் பண்பாட்டுச் செல்வங்களை இலாபத்துக்காக வாங்கி விற்பதில் ஈடுபடலாகாது என்கிறது. முதலாளித்துவ உலகமே தனக்கு வகுத்துக்கொண்ட குறைந்தபட்ச ஒழுங்கு அது. அதையேனும் கேட்போம் என்கிறோம்.

நிலையான என்ற சொல்லைச் சற்று அழுத்திப் படிக்க வேண்டும். இதே நிறுவனம் இந்தியத் தொல்லியல் துறையுடன் சேர்ந்து கொல்கத்தாவின் பழைய கரன்சி கட்டடத்தில் வங்கக் கலைக்கென ஒரு பெரும் காட்சியகத்தை 2020இல் திறந்தது. மக்கள் வந்து பார்த்தனர்; நன்றாகவே இருந்தது. அடுத்த ஆண்டே அது மூடப்பட்டது. படங்கள் வந்த வழியே திரும்பின. உரிமை யாருடையதோ, காலமும் அவருடையதே.

‘இவர்கள் வாங்காவிட்டால் அந்த வீடு இடிந்து அடுக்குமாடிக் குடியிருப்பாகியிருக்கும், அது பரவாயில்லையா?’ என்று நண்பர்கள் கேட்கின்றனர். தென் கொல்கத்தாவின் எத்தனையோ பழைய வீடுகளுக்கு அந்த முடிவே நேர்ந்தது என்பதால் இது நேர்மையான கேள்விதான். வணிகர்கள் சில நற்பணிகளைச் செய்திருப்பதையும் மறைக்க வேண்டாம். 1943 பஞ்சத்தில் மிதினாப்பூர் முழுவதும் அலைந்து சித்தப்ரசாத் வரைந்து எழுதிய ‘பசித்த வங்காளம்’ நூலின் பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி அழித்தது. பிழைத்த பிரதியிலிருந்து அதை மீண்டும் அச்சேற்றியது இதே டி.ஏ.ஜி. நிறுவனம். கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஓவியரை ஒரு வணிக நிறுவனம் பதிப்பித்ததே என்று முணுமுணுப்பதில் பயனில்லை. ஆனால் இடிப்பதா, வணிகரிடம் விடுவதா என்று இரண்டே வழிகளை வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கச் சொல்வது, கந்துவட்டிக்காரர் இல்லாவிட்டால் பட்டினிதானே என்று உழவரிடம் கேட்பதைப் போன்றது. மூன்றாம் வழியை மறைத்து வைத்தே அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது.

அந்த மூன்றாம் வழி, சாவியைப் பிடுங்கி அமைச்சகத்தின் மேசையில் வைப்பதுமன்று. நேரு நினைவு அருங்காட்சியகமும் நூலகமும் 2023இல் பெயர் இழந்து பிரதமர்கள் அருங்காட்சியகம் ஆனதைக் கண்டோம். திரைப்படப் பிரிவு, தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் முதலிய நான்கு அமைப்புகள் 2022இல் ஒரு கழகத்துக்குள் கரைக்கப்பட்டதையும் கண்டோம். இன்றைய ஒன்றிய ஆட்சியாளரின் கையில் ஜாமினி ராயின் வீடு சென்றால் என்ன நேரும்? அவர் பதினேழு பகுதிகளாக வரைந்த இராமாயணத் தொடர் கொண்டாடப்படும். முள்முடி சூடிய கிறிஸ்து கிடங்குக்குள் போவார். சந்தால் பெண் ‘வனவாசி’ ஆவாள். வணிகரிடம் விலை ஓவியரைத் திருத்தும். இவர்களிடம் வெறுப்பு திருத்தும்.

மேலும், அரசிடம் சட்டம் இல்லாமலில்லை. தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. ஜாமினி ராயின் படைப்புகள் 1976இல் அச்சட்டத்தின்கீழ்க் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. அவற்றை நாட்டைவிட்டு விற்க முடியாது. எல்லையில் காவல் பலம். உள்ளே சந்தைக்கு எந்தத் தடையுமில்லை. கலைச் செல்வத்தைப் பொதுவிடத்தில் பாதுகாக்க வேண்டுமெனில் இழப்பீடு தந்து கையகப்படுத்தும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது. நெடுஞ்சாலைக்கும் சுரங்கத்துக்கும் உழவர் நிலத்தைக் கையகப்படுத்தும்போது காட்டும் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கேனும் இந்தப் பிரிவின்மேல் காட்டப்பட்டதுண்டா?

தன்னாட்சி என்பது கனவுச் சொல்லன்று. ஆம்ஸ்டர்டாமில் வான் கோவின் படங்கள் அவருடைய தம்பி மகன் வசம் இருந்தன. அவர் அவற்றைச் சில்லறையாக விற்கவில்லை. ஓர் அறக்கட்டளை அமைந்தது; 1962 உடன்படிக்கையின்படி நெதர்லாந்து அரசு பணம் தர, தொகுப்பு முழுவதும் அந்த அறக்கட்டளையின் உடைமையாயிற்று; அரசு கட்டடம் எழுப்ப, 1973இல் அருங்காட்சியகம் திறந்தது. தொகுப்பு சிதறாமல் நிரந்தரக் கடனாக அங்கேயே இருக்கிறது. நம் நாட்டிலும் ஐதராபாத்தில் ஒரு மனிதரின் பெயரால் அமைந்த தொகுப்புக்காக நாடாளுமன்றம் 1961இல் சாலார் ஜங் அருங்காட்சியகச் சட்டம் இயற்றி, தனி வாரியம் அமைத்தது. வாரியத் தலைவர் ஆளுநர். ஆளுநர் மாளிகைகள் இன்று ஆற்றும் திருப்பணியை அறிந்த நாம் அந்த ஒரு விதியை மட்டும் பின்பற்றச் சொல்லமாட்டோம்.

34 ஆண்டு ஆண்ட இடது முன்னணி இதை ஏன் செய்யவில்லை என்று கேட்போருக்கும் விடை உண்டு. அன்று அது ஓவியரின் குடும்பம் குடியிருந்த வீடு. இன்று அது ஒரு நிறுவனத்தின் சொத்து. நிலைமை மாறியபின் கோரிக்கையும் மாறும்.

கோரிக்கை எளியது. பாலிகஞ்ச் வீடும் அதில் வைக்கப்படும் படங்களும் திரும்பப் பெறவியலாத பத்திரத்தின் மூலம், சட்டத்தால் நிறுவப்படும் பொது அறக்கட்டளைக்கு மாற வேண்டும். அதில் வணிகரும் வேண்டா, அமைச்சரின் பெரும்பான்மையும் வேண்டா. கலைக் கல்லூரி ஆசிரியர்களும் காப்பாட்சியர்களும் பாங்குராவின் பட்டுவாக்களும் அமரட்டும். எந்தப் படம் யாரிடமிருந்து எப்போது வந்தது என்ற பட்டியல் முழுவதும் அச்சாகி வெளிவரட்டும். படங்களுக்கு மெய்ச்சான்று வழங்குவது, அவற்றை விற்பவருக்குத் தொடர்பில்லாத குழுவின் வேலையாகட்டும். விளக்கப் பலகைகள் வங்கத்திலும் சந்தாலியிலும் இருக்கட்டும். வங்கத்துத் தோழர்கள் இதைக் கலைஞர் அமைப்புகளிடமும் ஆசிரியர், மாணவர் சங்கங்களிடமும் கொண்டு செல்ல வேண்டும். நாடாளுமன்றத்தில் உள்ள நம் உறுப்பினர்கள் 19ஆம் பிரிவு இதுவரை எத்தனை முறை பயன்படுத்தப்பட்டது என்ற கேள்வியை அடுத்த கூட்டத்தொடரிலேயே பண்பாட்டு அமைச்சரிடம் எழுப்ப வேண்டும்.