கழிப்பறையும் ஓர் இயந்திரமே

ரயில்வேயில் பெட்டிகளின் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டு முப்பத்தைந்து வருடங்கள் கழித்தவன் நான். எந்தப் பெட்டிக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஓய்வு பெறும்வரை என் வீட்டுக் கழிப்பறையை ஒரு நாள்கூடக் கழுவியதில்லை. அது மனைவியின் வேலை என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், தில்லி போர்வெல் தண்ணீரின் உப்புக் கறை போகவில்லையே என்று அவள் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றிவிட்டாள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுத் திணறி வெளியே வந்தவளுக்கு அன்றிரவு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. இந்த ரசாயனம் தெரிந்த நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்!

அன்று முதல் அந்த வேலை என்னுடையது. செய்யத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது, கழிப்பறையும் ஓர் இயந்திரம் என்று.

கோப்பைக்கு அடியில் வளைந்த குழாயில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும். சாக்கடை வாயுவையும் கரப்பான்பூச்சியையும் தடுக்கும் கதவு அதுதான். மே மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோமே, திரும்பி வந்து கதவைத் திறந்ததும் ஏன் நாறுகிறது? அந்தத் தண்ணீர் வற்றிவிட்டது, அவ்வளவுதான். பினாயில் வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். புறப்படும் முன் குளியலறை நஹானி ட்ராப்பில் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது.

ஃபிளஷ் தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க, அதில் சிறிது சொட்டு நீலம் விட்டு, கால் மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருக்க வேண்டும். கோப்பையில் நீலம் தெரிந்தால் வாஷரை மாற்றுங்கள். கறைக்கு ஆசிட் கலந்த கிளீனர் மட்டும், அல்லது பிளீச்சிங் மட்டும். இரண்டையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இன்னொன்று. துணி, நாப்கின், டயபர் எதையும் உள்ளே போடாதீர்கள். அடைப்பு நம் வீட்டோடு நிற்பதில்லை. எங்கோ ஒரு மனிதன் சாக்கடையில் இறங்க வேண்டியிருக்கிறது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டங்கள் வந்தன. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. இறங்க வேண்டிய அவசியமே வராமல் பார்ப்பதில் நமக்கும் பங்கு உண்டு.

சங்கத்தில் பெண்களுக்கு வருடா வருடம் கோலப்போட்டி வைக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தினால் என்ன? சொல்லிக்கொடுக்க நான் தயார். பிரஷ் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.