எருக்கலையைப் பிடுங்க முதல்…

இமயமலைப் பூப்பள்ளத்தாக்கு வீடியோ வந்தா எல்லாரும் ஷெயார் பண்றம். நம்மட வளவுல பறக்கிற வண்ணாத்திப்பூச்சிக்குப் பேர் கேட்டா மட்டும், "அது கறுப்பு, இது மஞ்சள்" எண்டு நிறத்தைத்தான் சொல்றம்.

நிறத்தை மட்டும் நம்பினா ஏமாந்து போவம். ஆடுதீண்டாப்பாளை தின்று வளரும் 'கிரிம்சன் ரோஸ்' நஞ்சுள்ளது. குருவிகள் அதைத் தவிர்க்கும். தேசி மரத்திலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் 'காமன் மோர்மன்' பெட்டைகளில் சிலது, நஞ்சே இல்லாமல் அதே வேஷம் போட்டுத் தப்பிக்கும். உடம்பைப் பாருங்க: சிவப்பெண்டா அசல், கறுப்பெண்டா வேஷம்.

எந்தப் பூச்சி எந்தச் செடியில் முட்டையிடுது எண்டு தெரிஞ்சா பாதி அடையாளம் முடிஞ்சுது. அதனாலதான் காத்தான்குடி வாவிக்கரையில் சிரமதானம் செய்யும்போது ஒரு விஷயத்தை யோசிக்கணும் எண்டு சொல்றன். குப்பையோடு சேர்த்து எருக்கலையையும் பிடுங்கி எறியிறம். செம்மஞ்சள் 'பிளேன் டைகர்' முட்டையிடுவது அதில்தான். புழு தின்பதும் அந்த இலையைத்தான். பொலித்தீனைப் பொறுக்குவம், எருக்கலையை விடுவம். சுத்தம் எண்டா மொட்டைத் தரை இல்ல.

இன்னொன்று. பூச்சிகளின் ஆங்கிலப் பேர் எங்கட ஃபோனுக்குத் தெரியும். செடிகளின் தமிழ்ப் பேர் உம்மம்மாவுக்குத் தெரியும். ஃபோன் எப்பவும் இருக்கும். உம்மம்மாவிடம் இண்டைக்கே கேட்டு எழுதி வைங்க.