பழைய போட்டோவும் சுண்ணாம்புக் காரையும்

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகிறவர்கள் தூணோடு நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரு சிவில் இன்ஜினியர் தேடவேண்டியது வேறு படங்களை. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி எடுத்தவை அவை. நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது (1866-72) மகாலைப் பழுதுபார்த்தார்கள். டிரைப்பின் கேமரா அதற்கு முன்பே வந்துவிட்டது! எது நாயக்கர் காலத்தது, எது பின்னால் ஒட்டவைத்தது என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். அதைப்போய் 'அந்தக் கால அழகு' என்று ரசித்துவிட்டு மூடிவைக்கிறோம்.

எதைக் காப்பாற்றுவது என்று போட்டோ சொல்லும். எதைக்கொண்டு பூசுவது என்று சுவரைத்தான் கேட்கவேண்டும். மகாலின் வளைவுகளும் குவிமாடங்களும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். சுண்ணாம்பு உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, பழைய செங்கல் பொடிப்பொடியாக உதிரும். ஆனாலும் பழைய கட்டடம் எங்கே விரிசல் விட்டாலும் சிமெண்ட் மூட்டையோடு ஓடுவதே வழக்கமாகிவிட்டது. 'ஸ்ட்ராங்'காக இருக்குமாம்! கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை, எஸ்டிமேட் போடுகிறவர் இன்ஜினியர். சுண்ணாம்பு ஊறவைத்து அரைக்க நாளாகும், பில்லும் சீக்கிரம் பாஸாகாது.

எஸ்டிமேட்டோடு அந்தக் கட்டடத்தின் பழைய போட்டோ ஒன்றையும் இணைக்கவேண்டும் என்று விதி போட்டால், கரண்டியை எடுக்குமுன் ஒருமுறையாவது பார்ப்பார்கள்.