பதினான்கு நாள் அன்பு

திண்டுக்கல்லில் வளர்ந்து, சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர், தவக்காலத் தொடக்கத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்டு நம்மிடம் வந்தார். கென்யாவில் ஓர் அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் தங்கிக் குழந்தைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் கற்பிக்கப் போகிறாராம். செலவு ரூ.1,50,000, அதில் பாதியை நம் அன்பியங்களில் திரட்டித் தரவேண்டுமாம். நாம் கடிதம் தரவில்லை. "நல்லது செய்யப் போற பிள்ளையைத் தடுக்கலாமா, சாமி?" என்று அவருடைய பாட்டியார் கேட்டார். பங்குப் பேரவையிலும் முணுமுணுப்பு எழுந்தது. அவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே விடை எழுதுகிறோம்.

நம் மறுப்புக்குப் பின்னால் நம் பழைய குற்றம் ஒன்று இருக்கிறது. திண்டுக்கல் மறைமாவட்டம் 2003-இல் உருவான சில ஆண்டுகளில், சமவெளிப் பங்கு ஒன்றில் குழந்தைகள் இல்லமொன்று நம் பொறுப்பில் இருந்தது. ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி ஐரோப்பிய இளைஞர் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். மாலையிடுவோம், பிள்ளைகள் கும்மியடிப்பார்கள். இரண்டு வாரம் கழித்து வேன் புறப்படும்போது இரு தரப்பிலும் கண்ணீர். அந்தக் கண்ணீரைக் கண்டு நாம் பூரித்தோம்.

ஓராண்டு, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வேன் சென்ற பிறகு வாயிற்படியை விட்டு எழவில்லை. மூன்று நாள் சரியாக உண்ணவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு குழு வந்தது. அவள் ஓடிச்சென்று முன்பின் அறியாத பெண்ணின் மடியில் ஏறி "அக்கா" என்றாள். எவ்வளவு பாசமான குழந்தை என்றோம்! குழந்தை உளவியல் பயின்ற அருட்சகோதரி ஒருவர் பின்னாளில் சொன்னபோதுதான் உறைத்தது: எந்த மடியிலும் ஏறும் குழந்தை, எந்த மடியும் நிலைக்காது என்று கற்றுக்கொண்ட குழந்தை.

இதைவிடக் கசப்பானதும் உண்டு. அந்தச் சிறுமிக்குத் தாய் இருந்தார். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை. மாதம் ஒரு ஞாயிறு பொரிகடலைப் பொட்டலத்தோடு வருவார். வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் அனுமதிப்போம். வெளிநாட்டார் தங்கியிருக்கும் நாள்களில் மட்டும் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினோம். பெற்ற தாய் படலருகே நின்றால் 'அனாதை' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? உண்மை தெரிந்தே அச்சொல்லை நாம் ஆண்டறிக்கையில் எழுதினோம். கைம்பெண்ணான அத்தாய்க்கு மாதச் சம்பளத்தோடு இன்னும் கொஞ்சம் கிடைத்திருந்தால் மகளை வீட்டிலேயே வளர்த்திருப்பார். அதற்குத் தர எவரிடமும் நாம் கேட்டதில்லை.

இது நம் ஒருவர் கதையன்று. உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐவரில் நால்வருக்கேனும் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக 2009-இல் 'சேவ் த சில்ரன்' அமைப்பு எழுதியது. நம் மாநில அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007-இல் உச்சநீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் பதிந்துவிட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், இல்லங்களுக்கு மாற்றுவழிகளை ஊக்குவிக்கவேண்டும் என்று 2017 மே 5-இல் தீர்ப்பு வந்தது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கொள்கை. அனாதை இல்லங்களுக்குச் செல்லும் தன்னார்வப் பயணங்களின் தீங்கைக் களையுமாறு 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவையே நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நீதிமன்றத்துக்கும் ஐ.நா.வுக்கும் தெரிந்தது, பச்சிளங்குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவரின் சீடர்களாகிய நமக்குத் தெரியவேண்டாமா?

"வீரமாமுனிவரும் வெளிநாட்டார்தானே?" என்று படித்த அன்பர் ஒருவர் மடக்கினார். ஆம், வெளிநாட்டார்தாம். 1710-இல் இந்தியா வந்தவர் 1747-இல் இம்மண்ணிலேயே மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் தமிழுக்குச் சதுரகராதி தந்தார். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் 1656-இல் மயிலாப்பூரில் கண்மூடினார். அருளானந்தரை மேலிடத்தார் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அவரோ மறவநாட்டுக்கே திரும்பிவந்து 1693-இல் ஓரியூரில் தலைகொடுத்தார். இவர்கள் வரும்போது திரும்பும் பயணச்சீட்டை எடுத்து வரவில்லை. (அவர்களுடைய மறைபரப்பு முறைகளில் நமக்குக் கருத்து வேறுபாடுகள் உண்டு, அது வேறு கட்டுரை.) குழந்தையின் மொழியில் பத்துச் சொல் அறியாமல் பதினான்கு நாளில் திரும்புகிறவர், அவர்கள் பெயரைச் சொல்லி நிதி திரட்டுவது முறையன்று.

பள்ளிப்படிப்புக்காக ஏழைப் பிள்ளைகள் தங்கும் நம் விடுதிகளை இதில் நாம் சேர்க்கவில்லை. அங்கே பிள்ளைக்குத் தன் வீடு எது என்று தெரியும். விடுமுறைக்கு ஊர் போகும்.

கணக்கும் சொல்லிவிடுவோம். தந்தையை இழந்த குழந்தை தாயோடு வீட்டிலேயே வளர, அரசின் நிதி ஆதரவுத் திட்டத்தில் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி மாதம் ரூ.4,000 என்று வகுத்திருக்கிறார்கள். அந்த அளவில் பார்த்தால், நம் இளைஞரின் கென்யப் பயணச் செலவு ஒரு குழந்தையை மூன்றாண்டுக்கு அதன் தாயிடமே இருத்தும். திட்டத்துக்கு மனு எழுதத் தெரியாத தாய்மார் நம் அன்பியங்களிலேயே இருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அவர்களை அழைத்துச் செல்ல ஆள் இல்லை.

அந்த இளைஞரிடம் இதைச் சொன்னோம். வார இறுதிகளில் ஊருக்கு வருகிறவர்தாமே? நூற்பாலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலையில் கணக்குச் சொல்லித்தரும்படி கேட்டோம். ஒரே நிபந்தனை: மூன்று ஆண்டு நிற்கவேண்டும். "மூணு வருஷமா, ஃபாதர்?" என்று திகைத்தார். யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போயிருக்கிறார். நான்கு சனிக்கிழமைகள் கடந்துவிட்டன.