திரும்பிச் செல்வதும் தவக்குலே

விபத்துச் செய்தி கேட்டதும் நம் நாவில் முதலில் வருவது, "அல்லாஹ்வின் நாட்டம்" என்பதே. அது ஈமானின் சொல், துக்கத்திற்கு மருந்து. ஆனால் அதைச் சொல்லியே மனிதத் தவற்றை மூடிவிடலாமா?

2005 டிசம்பர் 8 இரவு, பால்டிமோரிலிருந்து வந்த சௌத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 விமானம், பனி கொட்டிக்கொண்டிருந்த சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் இறங்கியது. தெருக்களும் வீடுகளும் நெருங்கிச் சூழ்ந்த நிலையம் அது. ஓடுபாதையின் பிற்பகுதியில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்ற தகவல் விமானிகளுக்குக் கிடைத்திருந்தது. காற்றும் பின்னிருந்து தள்ளியது. மோசமான நிலைக்குக் கணக்கிட்டபோது, நின்றபின் மிஞ்சும் தூரமாகக் கணினி காட்டியது சில பத்து அடிகளே. அதுவும், தரைதொட்டவுடன் எஞ்சினின் எதிர்விசை இயக்கப்படும் என்று வைத்துப் போட்ட கணக்கு. விமானிகளோ தானியங்கி பிரேக்கை அன்றுதான் முதன்முறையாகப் பயன்படுத்தினர். கவனம் அதில் சென்றதால் எதிர்விசை 15 நொடிகளுக்குக் குறையாமல் தாமதமாயிற்று. விமானம் வேலியை உடைத்துச் சாலைக்குள் புகுந்தது.

விமானத்திலிருந்த 103 பேரும் பிழைத்தனர். சாலையில் தன் குடும்பத்தாருடன் காரில் சென்ற ஆறு வயதுச் சிறுவன் இறந்தான்.

என் மனத்தை உறுத்துவது இதுவே: துணிந்து இறங்கியவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர். நம் கையிலுள்ள ஸ்டியரிங், நம்மோடு பயணிப்போருக்கு மட்டுமன்றி, தெருவில் செல்லும் முகமறியாதவருக்கும் உரிய அமானிதமாகும்.

விசாரணை, எதிர்விசைத் தாமதத்தையே முதன்மைக் காரணமாகக் கண்டது. 2006-இல் அமெரிக்க விமானத் துறை, வணிக ஜெட்கள் உட்பட ஜெட் விமானங்கள் இறங்குமுன், கணக்கிட்ட தூரத்திற்கு மேல் 15 சதவீதமேனும் கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்குமாறு அறிவுறுத்தியது. கேள்வி கேட்டதால்தான் இந்தப் படிப்பினை கிடைத்தது.

ஷாம் தேசம் நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தியறிந்து, ஆலோசித்துத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூ உபைதா (ரலி) வினவியபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின்பால் செல்வதாகவே விடையளித்தார்கள். திரும்பியது கோழைத்தனமன்று, அதுவே தவக்குல்.

ஆகவே மழையிலும் மூடுபனியிலும் வண்டியோட்டுபவரை, "சீக்கிரம் போங்கள்" என்று விரட்டாதீர்கள். "தாமதமானாலும் பரவாயில்லை" என்று அவரிடம் சொல்லுங்கள். எச்சரிக்கையோடு நடந்து, பிறகு அவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பக்குவத்தை வல்ல ரஹ்மான் நமக்குத் தருவானாக! ஆமீன்.